சராசரி 4.2, ஆனாலும் ஏன் விலகுகிறார்கள்?

கேள்வி: எங்கள் ஊழியர்கள் 80 பேரும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். "இந்த ஏற்பாடு திருப்தியாக இருக்கிறதா?" என்று ஆண்டுதோறும் 5-க்கு மதிப்பெண் கேட்கிறோம். இம்முறை சராசரி 4.2. ஆனால் அடுத்த மூன்று மாதங்களில் ஆறு பேர் விலகிவிட்டார்கள். எங்கே பிழை?

பதில்: முதலில் அந்தச் சராசரியைப் பிரித்துப் பாருங்கள். 64 பேர் 4-ம், 16 பேர் 5-ம் கொடுத்தால் சராசரி 4.2. 64 பேர் 5-ம், 16 பேர் 1-ம் கொடுத்தாலும் அதே 4.2தான். இரண்டாவது நிலையில் 16 பேர் தவித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அறிக்கையில் அவர்கள் தென்படவே மாட்டார்கள். எந்த மதிப்பெண்ணை எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். பதிலே சொல்லாதவர்கள் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள்.

கேள்வியும் போதாது. பயண நேரம் மிச்சமாவதில் மகிழ்கிறவரே இரவு பத்து மணிக்கு வரும் அழைப்புகளால் நொந்துபோயிருக்கலாம். அவர் எந்த எண்ணைப் போடுவார்? சீனாவின் சிட்ரிப் என்ற பயணச் சேவை நிறுவனம், வீட்டிலிருந்து வேலை செய்வதைத் தன் அழைப்பு மையத்தில் ஒன்பது மாதங்கள் சோதித்துப் பார்த்தது. வீட்டிலிருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் உயர்ந்தது, விலகல் பாதியானது, திருப்தியும் கூடியது. ஆனாலும் வீடா அலுவலகமா என்று மறுபடி தேர்வு செய்யலாம் என்றதும், பங்கேற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முந்தைய முடிவை மாற்றிக்கொண்டார்கள். வீட்டிலிருந்து அலுவலகம் திரும்பியவர்களுக்குத் தனிமை பெரிய காரணமாக இருந்தது. "திருப்தியா?" என்ற ஒற்றைக் கேள்வியில் இது வெளிவராது.

ஆகவே தனித்தனியாகக் கேளுங்கள்: வேலை நேரம் முடிந்தபின் நிம்மதியாக ஒதுங்க முடிகிறதா? சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடைக்கிறாரா? பதவி உயர்வில் பின்தங்குவோம் என்ற அச்சம் உண்டா? வாரத்தில் எத்தனை நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்புகிறீர்கள்? "இணையமும் இருக்கையும் வசதியா?" என்று இரண்டை ஒரே கேள்வியில் கோக்காதீர்கள், வருகிற பதில் எதற்கென்று தெரியாது. ஆண்டுக்கு ஒரு நீண்ட படிவத்தைவிட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆறேழு கேள்விகள் போதும். கேள்விகளை அடிக்கடி மாற்றினால் ஒப்பிட முடியாது.

பெயர் கேட்காததாலேயே ரகசியம் காக்கப்பட்டதாகிவிடாது. மூன்று பேர் குழுவின் முடிவைத் தனியாகக் காட்டினால் யார் சொன்னது என்று மேலாளர் ஊகித்துவிடுவார். ஐந்து பேருக்குக் குறைவான குழுக்களைப் பெரிய பிரிவோடு சேர்த்தே காட்டுங்கள். இதைப் படிவத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மாட்டிக்கொள்வோம் என்று அஞ்சுகிறவர் எல்லாவற்றுக்கும் 4 போட்டுவிட்டு வேறு வேலை தேடுவார்.

அடுத்த படிவத்தைத் தயாரிக்கும் முன், விலகிய ஆறு பேரையும் தொலைபேசியில் அழையுங்கள். அவர்களுடைய மேலாளர் அல்லாத ஒருவர் பேசட்டும்.