டேங்க் கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது?

சம்பாவுக்கு மருந்தடிக்கும் நேரம். மருந்துத் தண்ணீர் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மன்னார்குடி: ஐயா, நாங்கள் ஸ்பிரேயரை வாய்க்காலில்தான் கழுவுவோம். ஓடிப் போகிற தண்ணீர்தானே?

தம்பி, டெல்டாவில் உங்கள் வடிகால்தான் கீழ்மடைக்காரருக்குப் பாசனம். வயல் தண்ணீரில் மருந்து கலந்து பரவி இருக்கும். டேங்க் அடியில் நிற்பதோ கெட்டியான மருந்து. எங்கள் வாய்க்காலில் அப்படிக் கழுவிய இடத்துக்குக் கீழே, அயிரையும் கெண்டையும் வயிறு தெரிய மிதந்ததைப் பார்த்திருக்கிறேன். காலி பாட்டிலை மூன்று முறை அலசி டேங்கிலேயே ஊற்றுங்கள். டேங்க் கழுவிய தண்ணீரையும் அதே பயிரில் அடித்துவிடுங்கள்.

திருத்துறைப்பூண்டி: டிரம்மில் பிடித்து வெயிலில் வைத்தால் மருந்து செத்துப் போகுமா?

பாதிதான் சரி. வெயிலின் புறஊதாக்கதிர் சில மருந்துகளை உடைக்கும். ஆனால் சேற்றுத் தண்ணீரில் அது மேலாக மட்டுமே இறங்கும். உடைந்ததெல்லாம் நல்லதாகவும் ஆகாது: குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து வெயிலில் ஆக்சான் என்ற வேறு பொருளாக மாறினால் முன்பைவிட நஞ்சு. ஸ்பெயினில் அல்மேரியாவில் இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து வெயிலில் மருந்துத் தண்ணீரைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அமிலத்தன்மையைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய வேலை அது, வீட்டில் வேண்டாம்.

நன்னிலம்: அப்போ எங்களால் முடிவது என்ன, அண்ணே?

உயிர்ப்படுகை. டேங்க் கழுவிய தண்ணீரை ஊற்றினால், உள்ளிருக்கும் பூஞ்சையும் நுண்ணுயிரும் மருந்தை உடைக்கும் குழி அது. 1993ல் ஸ்வீடனில் தொடங்கியது. இரண்டடிக் குழி, அடியில் கிழியாத தார்ப்பாய். வைக்கோல் இரண்டு பங்கு, வயல் மண் ஒரு பங்கு, அவர்கள் போடும் பீட் என்ற சதுப்புநில மக்குக்குப் பதில் மக்கிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. கலந்து நனைத்து ஒரு மாதம் விடுங்கள். கிளறினால் வைக்கோலில் வெள்ளை நூல் பூஞ்சை ஓடியிருக்கும், மழை பெய்த மண் வாசம் வரும். வைக்கோலுக்கு உறுதி தரும் லிக்னினை உடைக்க அந்தப் பூஞ்சை சுரக்கும் அதே நொதிதான் மருந்தையும் உடைக்கிறது. அப்புறம் மேலே கூரை கட்டாயம். ஐப்பசி மழை நிரப்பினால் எல்லாம் வழிந்து வாய்க்காலுக்கே போய்விடும். வைக்கோல் மக்கி இறங்கும், வருஷா வருஷம் சேருங்கள்.

குத்தாலம்: மருந்தை எடுக்க வடிகாலில் ஆகாயத்தாமரை விடலாமா?

வேண்டவே வேண்டாம், அடைத்துவிடும். வடிகால் முடியும் குட்டையில் சம்பும் வெட்டிவேரும் நடுங்கள். தண்ணீர் மெதுவாக நகரட்டும், வேரில் ஒட்டிய நுண்ணுயிர்தான் வேலை செய்யும். அந்தச் சம்பை மாட்டுக்குப் போடாதீர்கள்.

பாபநாசம்: தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி வெயிலில் வைத்துக் குடிக்கச் சொல்கிறார்களே, ஐயா?

அது கிருமிக்கு, அம்மா. ஆறு மணி நேர வெயிலில் கிருமி சாகும், மருந்து போகாது. வயலோரத் தண்ணீரை அப்படிக் குடிக்காதீர்கள், பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள்.