மன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டால் சட்டமுன்வடிவு நின்றுவிடுமா?

கேள்வி: நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தில் மாநில அரசு ஒரு திருத்தத்தை முன்மொழிந்தால், நீலகிரி போன்ற மலை மாவட்டத்து நகராட்சியின் அதிகாரம் எந்த அளவுக்குப் பாதிக்கப்படும்? மன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றினால் ஏதேனும் பயன் உண்டா?

பதில்: கேள்வியின் தொனியைப் பார்த்தால், தாங்கள் மலையில் குடியிருப்பவர் என்றும், அடுத்த தேர்தலில் வார்டு உறுப்பினராக நிற்கும் எண்ணம் உடையவர் என்றும் தோன்றுகிறது. என் ஊகம் தவறானால் பொறுத்தருள்க.

நேரடியாகச் சொன்னால், நிற்காது. உள்ளாட்சி என்பது அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் ஐந்தாவது இனம்; அதாவது அதைப் பற்றிச் சட்டம் இயற்றுவது மாநிலச் சட்டமன்றத்தின் வேலை. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகளை நகராட்சிகளுக்கென வரிசைப்படுத்தியிருக்கிறது; அதில் முதலில் நிற்பதே நகரத் திட்டமிடல்தான். ஆனால் 243-டபிள்யூ பிரிவு, அந்தப் பணிகளுக்கான அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் சட்டத்தின் வழியே 'வழங்கலாம்' என்கிறதே தவிர, 'வழங்கியாக வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த ஒற்றைச் சொல்லுக்குள் நம் ஊர் நகராட்சிகளின் தலையெழுத்து அடங்கிவிட்டது. மன்றத் தீர்மானம் சட்டமுன்வடிவைத் தடுக்காது. மன்றத்தின் தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் நீக்கவும்தான் அரசுக்குச் சட்டம் இடம் தருகிறது.

இதற்கு மேல் நான் சொல்பவை வழக்கறிஞர் ஒருவரின் கருத்துகள் அல்ல. நீலகிரியில் உள்ள ஒரு நகராட்சியில் (பெயர் வேண்டாம்) மன்றப் பிரிவில் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொறியியல், சுகாதாரம், வருவாய் எனப் பிரிவுவாரியாக வரும் அலுவலகக் குறிப்புகளைத் திரட்டி மன்றப் பொருளாக எழுதுவதும், கூட்டம் முடிந்தபின் தீர்மானப் புத்தகத்தில் முடிவைப் பதிவு செய்வதுமே என் வேலை. சட்டம் தெரிந்தவர்கள் என்னைத் திருத்தலாம். ஆனால் அதிகாரம் எந்த வரியில் கைமாறுகிறது என்பதை அந்த மேசையிலிருந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே என்பதால் எழுதுகிறேன்.

ஒவ்வொரு மன்றப் பொருளுக்கும் ஒரு கடைசி வரி உண்டு. ஒன்று 'மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது' என்று முடியும். அல்லது 'மன்றத்தின் பார்வைக்கும் பதிவிற்கும் வைக்கப்படுகிறது' என்று முடியும். முதல் வகையில் உறுப்பினர்களுக்கு மறுக்கும் உரிமை இருக்கிறது. இரண்டாம் வகையில் காரியம் வேறெங்கோ முடிந்துவிட்டது, மன்றம் படித்துப் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவே. நான் பணியில் சேர்ந்த காலத்தில் இரண்டாம் வகைப் பொருள்கள் கூட்டத்துக்கு மூன்றோ நான்கோ வரும். ஓய்வு பெறும் காலத்தில், கூட்டத்தின் பாதி நேரம் அவற்றை வாசிப்பதிலேயே கழிந்தது. மன்றத்தின் கையிலிருந்து அவற்றை எடுத்துவிட்டோம் என்று எந்தச் சட்டமுன்வடிவும் வெளிப்படையாகச் சொல்லி நான் படித்ததில்லை. 'வகுத்துரைக்கப்பட்டவாறு' (அதாவது, அரசு பின்னர் விதிகளில் சொல்கிறபடி), 'அரசின் முன்னொப்புதலுடன்' என்ற தொடர்கள் ஆங்காங்கே நுழையும். பிறகு விதிகள் வரும். அதன்பின் ஓர் அரசாணை வரும். என் கடைசி வரி மாறிவிடும்.

இதன் உச்சத்தைப் பார்த்தது 2016க்குப் பிறகுதான். அந்த ஆண்டு அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடையே தனி அலுவலர் ஆட்சி, அதாவது மன்றத்தின் இடத்தில் அரசு அமர்த்தும் ஓர் அதிகாரியின் ஆட்சி. ஆறு ஆறு மாதமாக நீட்டிக்கும் திருத்தங்கள் சட்டமன்றத்தில் நிறைவேறிக்கொண்டே இருந்தன. படிப்பவருக்கு ஒரு தேதி மாறியதாக மட்டுமே தோன்றும். எங்கள் அலுவலகத்தில் அதன் பொருள் என்னவென்றால், ஆணையரே தனி அலுவலர். பொருளை ஆணையர் என்ற முறையில் அவர் வைப்பார். அதற்குக் கீழே 'அனுமதிக்கப்பட்டது' என்று நான் எழுதியதும் தனி அலுவலர் என்ற முறையில் அவரே கையொப்பமிடுவார். ஒரே பேனா, ஒரே மை, இரண்டு அங்குல இடைவெளியில் இரண்டு முத்திரைகள். அந்த ஆண்டுகளில் வந்த ஆணையர்களில் நல்லவர்களும் இருந்தார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் மழையில் தடுப்புச் சுவர் சரிந்து வீட்டுவாசலில் மண் குவிந்தவர் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? என் மேசைக்குத்தான் வந்தார்கள்.

பிறகு தேர்தல் முடிந்து, 2022 மார்ச் 2 அன்று உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். மாலைகளின் வாடை போவதற்குள், அதே மாத இறுதியில் சொத்து வரி உயர்வு அரசாணை வந்து சேர்ந்தது. 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று விகிதங்கள் அதிலேயே நிர்ணயிக்கப்பட்டிருந்தன. மன்றம் அதைத் தீர்மானமாக நிறைவேற்றி, நாளிதழில் விளம்பரம் செய்து, ஆட்சேபணை பெற்று, பிறகு இறுதி செய்ய வேண்டும். பொருளை நான்தான் எழுதினேன். கடைசி வரியில் 'அனுமதிக்கு' என்று எழுதும்போது கை சற்றுக் கூசியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கோடைக் கூட்டம் மலையேறத் தொடங்கியிருந்த நாட்கள். முதன்முறை உறுப்பினரான ஒரு பெண்மணி, ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) பிறந்து பச்சைத் தேயிலை பறித்து வளர்ந்தவர், எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, என் வார்டில் ஓய்வு பெற்ற வாத்தியார் குடியிருக்கும் 1,300 சதுர அடி வீடும், அதற்கு மேலே வருடத்தில் பத்து நாள் மட்டும் திறக்கும் அதே அளவுக் காட்டேஜும் ஒரே விகிதத்தில் வருகின்றன. குடியிருப்பவருக்குக் குறைத்து, பூட்டிக் கிடப்பதற்குக் கூட்டலாமே?" சமவெளியில் இந்தக் கேள்வியே எழாது. மலையில் ஒவ்வொரு சரிவிலும் எழும். ஆணையர் பொறுமையாகவே பதில் சொன்னார்: விகிதத்தை மாற்ற மன்றத்துக்கு இடமில்லை, சொத்து வரியைச் சீரமைக்காவிட்டால் பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியம் வராது. அதாவது மாநில அரசின் கையையும் மத்தியிலிருந்து ஒருவர் பிடித்திருந்தார். அதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. "அப்படியானால் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இருக்கிறதா இல்லையா?" என்று அவர் மறுபடி கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பொருள் பெரும்பான்மையில் நிறைவேறியது. வீட்டுக்கு வீடு வசவு வாங்கியது உறுப்பினர்கள்; விகிதம் போட்டவர்களை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

இதைப் படித்துவிட்டு, 'நகராட்சி கையில் முழு அதிகாரம் கொடுத்தால் மலையே மிஞ்சாது' என்று எழுத வருவோர் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கட்டட உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்ற கட்டுப்பாடும், மலைநகரங்களுக்கான 1993ஆம் ஆண்டுக் கட்டட விதிகளும் மேலிருந்து வந்தவைதான். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த வாரத்தைப் பார்த்த எவரும் அவற்றைக் குறை சொல்ல மாட்டார்கள். வரைபடத்தில் இரண்டு தளம், தரையில் நான்கு தளம் என்று நின்ற கட்டடங்களின் கோப்புகளை என் கையாலேயே நகர்த்தியிருக்கிறேன். அவற்றுக்குப் பரிந்து பேசியவர்களில் உறுப்பினர்களும் இருந்தார்கள். எனவே மேலிருந்து வரும் சட்டம் எல்லாம் கேடு என்பது என் வாதமன்று. 2025 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமிக்க வகைசெய்து வந்த திருத்தத்தை மனமார வரவேற்றவன் நான். எல்லை வகுக்கும் சட்டம் ஒன்று. முடிவையே எடுத்துக்கொண்டு பழியை மட்டும் மன்றத்தில் விட்டுச் செல்லும் சட்டம் வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்கிறேன்.

தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்பதுகூட நம்மிடம் நிலையாக இல்லை. 2001இல் மக்கள் நேரடியாக. 2006இல் உறுப்பினர்கள் வழியாக. 2011இல் மீண்டும் நேரடியாக. 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தால் மீண்டும் மறைமுகமாக. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமோ 2023 ஏப்ரலில்தான் முறையாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை எங்கள் மேசையில் இருந்தது 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். இவற்றில் எதற்கும் எங்கள் மன்றத்தின் கருத்தைக் கேட்டு ஒரு தாள் வந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே தாங்கள் கேட்ட சட்டமுன்வடிவு கையில் கிடைத்தால் அது எதற்காகக் கொண்டுவரப்படுகிறது என்று விளக்கும் நோக்க உரையை விட்டுவிடுங்கள். அதில் எப்போதும் நல்ல சொற்களே இருக்கும். 'மன்றம்' என்று இருந்த இடத்தில் 'ஆணையர்' என்றோ 'அரசு' என்றோ மாற்றச் சொல்லும் பிரிவுகளையும், 'வகுத்துரைக்கப்பட்டவாறு' என்று வரும் இடங்களையும் பென்சிலால் குறியுங்கள். எதிர்ப்புத் தீர்மானமும் வீண் என்று சொல்ல மாட்டேன், சட்டப்படி அதற்கு வலு இல்லாவிட்டாலும். அந்தப் பெண் உறுப்பினர் அன்று தம் மறுப்பைப் பதிவு செய்யச் சொன்னார். வழக்கமாக 'உறுப்பினர் மறுப்புத் தெரிவித்தார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். நான் வாத்தியார் வீட்டையும் பூட்டிய காட்டேஜையும் சேர்த்து ஐந்து வரி எழுதினேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யார் கேட்டாலும் அந்தப் பக்கத்தின் நகல் கிடைக்கும்.