ஒரு பகல் கொழும்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாடசாலை விடுமுறையை ஒட்டியவை. வழக்கம்போலப் பலர் என்றைக்கு வருகிறார்கள், எத்தனை பேர், கூட வருபவர்களின் வயது என்ன என்று ஒன்றையும் எழுதாமல் "எங்கே போகலாம்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்டால் பதிலும் அரைகுறையாகத்தான் வரும்.

இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலை வெள்ளவத்தையில் இறங்குவோம். அன்றிரவே திரும்ப வேண்டும். சனிக்கிழமை. நாங்கள் இருவர், பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் இருவர். பகலை எப்படிப் பிரிப்பது? – சாவகச்சேரி வாசகர்

விபரமாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. வடக்கே தொடங்கித் தெற்கே வாருங்கள். என் ஒருநாள் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. காலையில் பழைய நகரம், உச்சி வெயிலில் கூரைக்குக் கீழே, மாலையில் கடற்கரை.

குளித்துச் சாப்பிட்டுவிட்டு 7 மணியளவில் வெள்ளவத்தை நிலையத்தில் கோட்டைக்கு ரயில் ஏறுங்கள். இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். கொள்ளுப்பிட்டி வரை தண்டவாளத்தின் ஓரத்திலேயே கடல். 20 நிமிடம் போல ஆகும். ரயில் தவறினால் காலி வீதியில் 100 அல்லது 101 பஸ்.

கோட்டையில் இறங்கியதும் முச்சக்கரவண்டியில் நேரே கொச்சிக்கடைக்குப் போங்கள், பொன்னம்பலவாணேஸ்வரத்துக்கு. 1857இல் பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில் முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்தார். உள்ளே இருட்டாக இருக்கும். கண் பழகும்வரை ஒரு தூணருகே நின்றுவிட்டுப் பிறகு நடங்கள். பக்கத்திலேயே அந்தோனியார் ஆலயம். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே நிற்க இடமிருக்காது, உங்களுக்குச் சனிக்கிழமை என்பதால் கவலையில்லை. அங்கிருந்து நடந்தே செட்டியார் தெருவுக்கு வந்து கதிரேசன் கோயில்களைப் பாருங்கள். பிறகு மேட்டில் நிற்கும் வுல்பெண்டால் தேவாலயம். 1749இல் ஒல்லாந்தர் தொடங்கியது, 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தது. உள்ளே போனால் கீழே பாருங்கள். தரையில் பதித்திருப்பவை கல்லறைக் கற்கள், குலச்சின்னம் செதுக்கியவை. அடுத்து 1873ஆம் ஆண்டுப் பழைய நகர மண்டபம். திறந்திருந்தால் மாடிக்கு ஏறுங்கள். மேசையைச் சுற்றி உருவப் பொம்மைகளாக ஒரு சபைக்கூட்டமே உட்கார்ந்திருக்கும், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். இரண்டாம் குறுக்குத்தெருவில் சிவப்புப் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாடு. பிறகு கறுவாத்தோட்டத்து நூதனசாலை. 5 மணிக்குக் காலி முகத்திடல்.

கோயில்களை முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். 12 மணியை ஒட்டி நடை சாத்தினால் மாலை 4, 5 மணிக்குத்தான் திறப்பார்கள். இதை நான் எழுதாத மாதமில்லை, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்து எனக்குக் கடிதம் எழுதாதவர்கள் இருக்கும் மாதமுமில்லை.

கொழும்பு, கண்டி, காலி மூன்றையும் ஒரே நாளில் பார்க்க நல்ல வழி சொல்லுங்கள். – வாசகர், ஊர் எழுதவில்லை

வழியில்லை. கண்டி ஒரு திசையில் 115 கிலோமீற்றர், காலி மறு திசையில் ஏறக்குறைய அதே தூரம். நீங்கள் பார்க்கப்போவது நகரங்களை அல்ல, வாகனத்தின் முன் ஆசனத்தின் பின்புறத்தை. ஒன்றைத் தெரிவுசெய்துவிட்டு எழுதுங்கள், ஊரையும் திகதியையும் சேர்த்து.

'கோட்டை' என்கிறார்கள். போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம், மதில் ஒன்றையும் காணவில்லை. கோட்டை எங்கே? – மட்டக்களப்பு வாசகி

இடித்துவிட்டார்கள். போர்த்துக்கேயர் தொடங்கியதை 1656இல் ஒல்லாந்தர் பிடித்துத் தங்கள் முறைக்கு மாற்றிக் கட்டினார்கள். 1796இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. வர்த்தகம் பெருகி, மதில் இடைஞ்சலாகத் தெரிந்ததும் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்களே அதைத் தகர்த்தார்கள். கோட்டையின் வாசல்களில் ஒன்றான டெல்ஃப்ட் வாசலின் எச்சம் பிறிஸ்டல் வீதியில் ஒரு வங்கிக் கட்டடத்துக்குள் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

மதிலுக்குப் பதிலாக இரண்டைப் பாருங்கள். ஒன்று, 1681க்கு முன்பே இருந்த ஒல்லாந்தர் வைத்தியசாலை. 2011இலிருந்து உணவகங்களும் கடைகளும். நீங்கள் எதையும் வாங்கவேண்டியதில்லை. முற்றத்தில் நின்று சுவரின் தடிப்பையும் கூரைத் தேக்கு மரங்களையும் பாருங்கள். மற்றையது, வீதி நடுவில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம். 1857இல் கட்டியது, வரைந்தவர் அப்போதைய ஆளுநர் ஹென்றி வோர்டின் மனைவி. பிற்பாடு அதன் உச்சியில் விளக்கேற்றிக் கலங்கரை விளக்கமாகவும் பயன்படுத்தினார்கள். சுற்றிலும் கட்டடங்கள் உயர்ந்து ஒளியை மறைத்தபோது விளக்கு கடலோரத்துக்கு இடம்மாறியது.

இருபது வருடமாக வெள்ளவத்தையில் இருக்கிறோம். கனடாவிலிருந்து தங்கை குடும்பம் ஒரு நாள் தங்கிவிட்டு யாழ்ப்பாணம் போகிறது. கொழும்பில் பழையது என்று பார்க்க என்ன இருக்கிறது? அதுவும் நம் ஆட்களுக்கு? கடைத்தொகுதிகளுக்குக் கூட்டிச்செல்லலாம் என்று நினைக்கிறோம். – வெள்ளவத்தை வாசகி

தாராளமாகக் கூட்டிச்செல்லுங்கள். அதைவிடப் பெரிய கடைத்தொகுதிகளைத் தங்கள் ஊரில் வாரந்தோறும் பார்ப்பவர்கள், உங்கள் முகத்துக்காகச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அம்மா, கோபிக்கவேண்டாம். இந்தக் கடிதம் வெவ்வேறு கையெழுத்தில் எனக்கு ஓயாமல் வருகிறது. பெரும்பாலும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி முகவரிகளிலிருந்து. நூதனசாலைக்கு அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு, பாடசாலைச் சுற்றுலாவோடு அந்தப் படியை மறந்தவர்கள். 1877இல் ஆளுநர் கிரெகரி காலத்தில் திறந்த கட்டடம். அந்த வெள்ளைத் தூண் வரிசைகளை எழுப்பிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரிக்கார்.

உள்ளே போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? கண்டியின் சிம்மாசனத்துக்கு முன்னால் கூடுகிறார்கள். பார்க்கவேண்டியதுதான். 1693இல் ஒல்லாந்தர் கொடுத்த பரிசு, கண்ணுச்சாமி என்று பிறந்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக முடிசூடிய கடைசி மன்னன் வரை அதில் அமர்ந்திருக்கிறார்கள், 1934இல்தான் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது. ஆனால் அதைப் பார்த்த கையோடு வெளியேறிவிடுகிறார்கள். ஒரு கல்லைத் தவறவிடுகிறார்கள்.

உங்கள் மார்பளவுக்குச் சற்று மேலே வரும் கற்பலகை அது. மேல் விளிம்பில் இரண்டு டிராகன்கள். கீழே மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. 1409இல் நான்ஜிங்கில் பொறித்தது. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வை, தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தெனாவரை நாயனாரை. மூவருக்கும் காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான்: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, வாசனை எண்ணெய் என்று போகிறது. அன்றைக்கு இந்தத் தீவின் கரையில் பேசவேண்டுமானால் தமிழில் எழுதியாகவேண்டும் என்று சீனப் பேரரசனின் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. 1911இல் காலியில் இது கண்டெடுக்கப்பட்டபோது மதகு ஒன்றுக்கு மூடியாகக் கிடந்தது. எழுத்துகள் உள்ள பக்கம் கீழே இருந்ததால்தான் இவ்வளவாவது மிஞ்சியது. தமிழ் வரிகளுக்கு முன்னால் தங்கையின் பிள்ளைகளை நிறுத்தி ஓர் எழுத்தையாவது கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பாரசீகம்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

அடுத்து வெண்கலச் சிலைகள். பொலன்னறுவைச் சிவாலயங்களில் கிடைத்தவை. நடராசரை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் காரைக்கால் அம்மையாரைத் தேடுங்கள். வற்றிய மார்பு, எண்ணக்கூடிய விலா எலும்புகள், கையில் தாளம். பேய்வடிவம் கேட்டுப் பெற்ற அந்த அம்மையாரைப் பொலன்னறுவையில் ஒருவர் வார்த்திருக்கிறார். இனி "நம் ஆட்களுக்கு என்ன இருக்கிறது" என்று கேட்பீர்களா?

காலையில் கொச்சிக்கடையும் செட்டியார் தெருவும், நடை சாத்துமுன். மதியம் நூதனசாலை, இரண்டு மணி நேரம் குறையாமல். வேறொன்றும் வேண்டாம். மொய் எழுத வந்தவர்கள்போலப் பதினைந்து இடத்தில் தலைகாட்டிவிட்டு வருவதைவிட இது மேல்.

அம்மாவுக்கு எழுபதுக்கு மேல், முழங்கால் வலி. என்ன பார்க்கலாம்? – வத்தளை வாசகர்

புறக்கோட்டை நடையை விட்டுவிடுங்கள். நடைபாதை உயர்ந்து தாழ்ந்து போகும், சுமை இழுக்கும் நாட்டாமைகளின் வண்டிக்கு ஒதுங்கவே நேரம் சரியாகிவிடும். நூதனசாலையின் கீழ்த்தளம், எதிரே விகாரமகாதேவி பூங்காவின் நிழல், பேரை ஏரி நடுவே கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த சீமமாலக்க என்ற பௌத்த வழிபாட்டிடம், கடைசியாகக் காலி முகத்திடல். கருங்கல் தளமுள்ள கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப்போவதானால் 9 மணிக்கு முன் போங்கள். வெயில் ஏறினால் வெறுங்காலோடு அந்தக் கல்லில் நிற்க இளையவர்களாலேயே முடியாது.

காலி முகத்திடலில் ஒருவர் நன்றாகக் கதைத்தார். அன்று மட்டும் கங்காராமை விகாரையில் யானை ஊர்வலம் என்றார். அவர் காட்டிய முச்சக்கரவண்டியில் ஏறினோம். யானையும் இல்லை, ஊர்வலமும் இல்லை, மூவாயிரம் ரூபாய் போய்விட்டது. – திருகோணமலை வாசகர்

கங்காராமையின் நவம் பெரஹர பெப்ரவரியில், நவம் போயாவை (பௌர்ணமி நாளை) ஒட்டி நடப்பது. நீங்கள் வந்தது ஓகஸ்டில். நடுவீதியில் அறிமுகமில்லாதவர் சொல்லும் "இன்றைக்கு மட்டும்" எதையும் நம்பாதீர்கள். மீற்றர் ஓடும் வண்டியில் ஏறுங்கள், அல்லது கைபேசிச் செயலியில் கட்டணத்தைப் பார்த்துவிட்டு அழையுங்கள். ஏறிய பிறகு பேரம் பேசாதீர்கள்.

தாமரைக் கோபுரம் ஏறுவது பிரயோசனமா? – நீர்கொழும்பு வாசகி

350 மீற்றர் உயரம், வானம் தெளிவாக இருந்தால் பிரயோசனம். துறைமுகம், பேரை ஏரி, புறக்கோட்டைத் தெருக்களின் கட்டம் எல்லாம் ஒரே பார்வையில் விளங்கும். மப்பும் மந்தாரமுமான நாளில் பணத்தைச் சேமியுங்கள்.

சைவச் சாப்பாடு? – கொக்குவில் வாசகர்

செட்டியார் தெருப் பக்கத்தில் சைவக்கடைகள் உண்டு, வெள்ளவத்தையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 12.30க்கு முன் உட்காருங்கள், அலுவலகக் கூட்டம் வந்துவிடும். காலி முகத்திடலில் இறால் வடைத் தட்டின் பக்கத்திலேயே கடலை வடையும் பொரிப்பார்கள். எண்ணெய் ஒன்றா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சிவப்புப் பள்ளிவாசலுக்குள் நாங்கள் போகலாமா? – ஹட்டன் வாசகி

தொழுகை நேரம் தவிர்த்து, தலையும் தோளும் மூடி, வாசலில் அனுமதி கேட்டுப் போகலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் வேண்டாம். சிவப்பும் வெள்ளையுமாக வரிவரியாகத் தெரியும் முகப்பு 1909இல் முடிந்தது. அதைப் பார்க்க எதிர்ப்பக்க நடைபாதைதான் சரியான இடம். கமராவை உயர்த்திக்கொண்டு நடுவீதிக்குப் பின்வாங்காதீர்கள், மூட்டை தூக்கி வருபவர் உங்களுக்காக நிற்கமாட்டார்.

மழை வந்தால்? – பதுளை வாசகர்

எந்த மாதம் என்று எழுதவில்லையே! ஒக்டோபர், நவம்பரானால் இடிமழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான் வரும். காலி முகத்திடலை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே ஹென்றி வோர்ட் 1859இல் நட்ட கல்லையும் படியுங்கள். கொழும்புப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இந்த உலாவிடத்தைப் பேணும்படி தனக்குப் பின்வரும் ஆளுநர்களிடம் ஒப்படைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் புறக்கோட்டையில் கடைகள் இருக்குமா? – கல்முனை வாசகர்

பல கடைகள் பூட்டியிருக்கும், நடைபாதை வியாபாரிகள் இருப்பார்கள். சாமான் வாங்க வருகிறீர்கள் என்றால் கிழமை நாளில் வாருங்கள். கட்டடம் பார்க்க வருகிறீர்கள் என்றால் ஞாயிறு காலைதான் பொன்னான நேரம். லொறிகள் இல்லாததால் முகப்புகளை மேலிருந்து கீழ்வரை பார்க்கலாம். போயா வருகிறதா என்று நாட்காட்டியையும் பாருங்கள். நூதனசாலை அன்று திறக்குமா என்று முதல்நாளே தொலைபேசியில் கேளுங்கள்.

ஆடிவேல் சமயத்தில் வரலாமா? – மாத்தளை வாசகி

வாருங்கள், ஆனால் அன்றைக்கு வேறு திட்டம் போடாதீர்கள். செட்டியார் தெருவிலிருந்து வேல் ரதம் புறப்பட்டுப் பம்பலப்பிட்டி வந்துசேர்வதற்குள் பகல் போய்விடும். காலி வீதிப் போக்குவரத்தும் உங்கள் திட்டத்தை மதிக்காது. தண்ணீரும் தொப்பியும் எடுத்துவாருங்கள்.