வாய் நமநமக்கும் நேரம்

வணக்கம் ஐயா,

எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்து பல வருடம் ஆகிறது. இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறார். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டு முடித்த பிறகும், "வாய் நமநமங்குது, ஏதாச்சும் இனிப்பா குடு" என்று கேட்கிறார். "இந்த வயசுல என்ன தீனி ஆசை?" என்று அண்ணன் சத்தம் போடுகிறார். அம்மாவின் முகம் சுருங்கிப்போகிறது. வயிறு நிறைந்த பிறகு வருவதைப் பசி என்று சொல்லலாமா? இதற்குத் தமிழில் மரியாதையான சொல் இருக்கிறதா?

ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அம்மா சொன்னதே மரியாதையான சொல்தான். வாய் நமநமக்கிறது என்பவர் ஒரு துண்டு, ஒரு வாய் கேட்கிறார். தட்டு நிறையக் கேட்கவில்லை. தீனி என்பது வேறு. அளவு தெரியாமல் தின்பவரைச் சொல்வது அது. மாட்டுக்கும் கோழிக்கும் போடுவதற்கும் அதுதான் பெயர். பெற்றவளைப் பார்த்துச் சொன்னால் முகம் சுருங்காமல் என்ன செய்யும்?

நம்மவர்கள் பசியை அது உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்தே பிரித்திருக்கிறார்கள். வயிற்றில் இருப்பது பசி. அது கிள்ளும், காயும். காய்ச்சல் விட்டு எழுந்தவருக்குக் கோளாறு நாக்கில். "நாக்கு செத்துப்போச்சு" என்று ஊறுகாய் கேட்பார், பால்கஞ்சியை நீட்டினால் எரிச்சல்தான் வரும். மனசில் இருந்தால் ஏக்கம். பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு ஒரு விள்ளல் கொடுக்காமல் பெரியவர்கள் வாயில் வைக்கமாட்டார்கள், "பிள்ளை ஏங்கிப்போயிரும்" என்பார்கள். ஆசைப்பட்டது கிடைக்காமல் போவதற்கு மலாய்க்காரர்களும் கெம்புனான் என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைத்தாய்ச்சியின் ஆசைக்கு மசக்கை. சங்க காலத்தில் அதை வயா என்றார்கள். புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் ஒரு சேர மன்னனின் நாட்டைப் புகழும்போது, வயாவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு இந்த மண்ணை உண்டால்தான் உண்டு, பகைவர் கொள்ள முடியாத மண் இது என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு பெண்ணின் நாக்கு கேட்பதை அரசனின் புகழுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார். எவ்வளவு தின்றாலும் அடங்காத பசியும் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்ற பெண்ணுக்கு வந்த யானைத்தீ அது. உங்கள் அம்மாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம், அந்த நாக்கு எப்படிப் பழகியது என்பதையும் பார்க்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். அதனால் விடியும் முன்பே காட்டுக்குப் போயாக வேண்டும். அந்த இருட்டில் வயிற்றுக்குப் போனது டின் பால் ஊற்றிய தேத்தண்ணி. டின்னின் தலையில் எதிரெதிரே இரண்டு ஓட்டை, ஓட்டையைச் சுற்றி மஞ்சளாக இறுகிய பால், எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றிய தட்டுக்குள் அந்த டின். லயத்து வீடுகளில் இதைப் பார்க்காதவர் யார்? அந்தப் பாலில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. சில மணி நேர வேலையை அதுதான் தாங்கியது, பசியாறுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். காலையில் சாப்பிடுவதையே "பசியாறுவது" என்று சொல்லும் ஊர் நம்முடையது. அத்தனை வருடம் இனிப்பால் உடம்பை எழுப்பியவர், இன்று ஒரு துண்டு கேட்பதைக் கெட்ட ஆசை என்று யாரும் சொல்லக்கூடாது.

சரி, இனிப்பு நீர் இருக்கிறதே. வயிறு நிறைந்த பிறகு வரும் நமநமப்புக்கு எது, எவ்வளவு கொடுக்கலாம் என்று கிளினிக்கில் கேட்டு, அதைச் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். சோற்றில் கொஞ்சம் குறைத்து ஒரு சின்ன வாழைப்பழம் கொடுத்தாலே பலருக்கு அடங்கிவிடுகிறது.

ஆனால் இன்னொரு பசி இருக்கிறது. திடீரென்று வரும். கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். இன்சுலின் போடுபவர்களுக்கும் சிலவகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும்போது உடம்பு இப்படிக் கேட்கும். அந்த நேரத்தில் "தீனி ஆசை" என்று சொல்லி மறுத்தால் உயிருக்கே ஆபத்து. 15 கிராம் சீனியை, அதாவது 3 தேக்கரண்டியை, தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடியும் சோதித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999க்கு அழையுங்கள்.

ராத்திரியில் அம்மாவோடு இருப்பவர் அண்ணன்தான். அதனால் அடுத்த கிளினிக் தேதிக்கு மாத்திரைப் பட்டைகளை எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிப்போங்கள். இவற்றில் எது சர்க்கரையை அதிகமாக இறக்கும் என்று டாக்டரிடம் அவரே கேட்கட்டும்.