முத்திரைக்கு முன் ஒரு நிமிஷம்

(விமான நிலைய இமிகிரேஷன் கவுன்டரில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: போர்க்குற்றவாளி என்று ஊரே பேசுகிற ஆட்கள்கூட நாடு நாடாகச் சுற்றுகிறார்களே! பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறவருக்கு மட்டும் அது தெரியாதா?

தெரியும். தெரிந்து என்ன செய்ய? செய்தித்தாளைக் காட்டி யாரையும் நிறுத்த முடியாது. பெயர் திரையில் வரவேண்டும். வருவதற்கு எங்கோ ஒரு நீதிமன்றமோ போலீஸோ முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். வந்துவிட்டால் சைரன் எல்லாம் ஊதாது. “ஒரு நிமிஷம் உட்காருங்க சார்” என்று சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டோடு மேலதிகாரி அறைக்குப் போவோம். பாதி நேரம் அதே பெயர், அதே பிறந்த வருஷம், ஆள் வேறு. மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைப்போம்.

நிஜமாகவே சிக்கியவர் ஹமீத் நூரி. ஈரானில் 1988-ல் சிறைக் கைதிகளைக் கூட்டமாகத் தூக்கிலிட்டதில் பங்குண்டு என்று குற்றம் சாட்டப்பட்டவர். 2019 நவம்பர் 9 அன்று ஸ்டாக்ஹோம் விமான நிலையத்தில் இறங்கினார், அங்கேயே கைது. அவர் வரப்போவதை மோப்பம் பிடித்து, சாட்சிகளைத் திரட்டி, வழக்கறிஞர்கள் மூலம் புகாரைத் தயாராக வைத்திருந்தவர்கள் ஈரானின் முன்னாள் கைதிகள். கவுன்டர்காரர் பங்கு கடைசி ஐந்து நிமிஷம்தான். 2022-ல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். 2024-ல் கைதிகள் பரிமாற்றத்தில் ஊர் திரும்பிவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தகவல் கசிந்தால்? இஸ்ரேலின் ஓய்வுபெற்ற தளபதி டோரோன் அல்மோக் 2005 செப்டம்பரில் லண்டன் ஹீத்ரோவில் இறங்கவேண்டியவர். வாரண்ட் தயார், போலீஸும் தயார். விஷயம் காதுக்கு எட்டியதும் இருக்கையை விட்டு எழவே இல்லை. போலீஸ் விமானத்தில் ஏறவில்லை. அதே விமானத்தில் திரும்பிவிட்டார்.

கேள்வி: இன்டர்போலின் ரெட் நோட்டீஸ் இருந்தால் போதாதா?

அது வாரண்ட் இல்லை. ‘இந்த ஆளைத் தேடுகிறோம்’ என்ற அறிவிப்பு. கைது செய்வதா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம்தான் சொல்லும். பிடிக்க இன்டர்போலிடம் போலீஸ் படையும் கிடையாது.

கேள்வி: பதவியில் இருக்கிற அதிபர் வந்தால்?

சூடான் அதிபர் ஒமர் அல் பஷீர்மீது ஹேகிலுள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் வாரண்ட் இருந்தது. 2015 ஜூனில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தார். அவர் வெளியேறக் கூடாது என்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறுநாள் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே ராணுவ விமானத் தளத்திலிருந்து பறந்துவிட்டார். பயணிகள் பட்டியலில் அவர் பெயரே இல்லை என்றார் அரசு வழக்கறிஞர்! வாயில் ஒன்றா இரண்டா, சாமானியன் வரிசையில் நிற்கிற வாயிலை மட்டும் பூட்டினால் இப்படித்தான்.

கேள்வி: அகதி என்று சொல்லி உள்ளே வந்துவிட்டால் கண்டுபிடிக்கவே முடியாதா?

1951 அகதிகள் உடன்படிக்கையே போர்க்குற்றம் செய்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்கிறது. ஆனால் நேர்காணலில் யார் அதை ஒப்புக்கொள்வார்? சிரிய உளவுத் துறை அதிகாரி அன்வர் ரஸ்லான் 2014-ல் ஜெர்மனி வந்தார். மறுவருஷம் பெர்லின் போலீஸிடம் தானே போனார்: சிரிய உளவாளிகள் பின்தொடர்கிறார்கள், பாதுகாப்பு வேண்டும் என்று. தன் பழைய உத்தியோகத்தையும் அவரே சொன்னார். 2019-ல் கைது, 2022 ஜனவரியில் கோப்லென்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. வரிசையில் நின்றபோது அவரை யாரும் சந்தேகிக்கவில்லை. என் கவுன்டருக்கு வந்திருந்தாலும் முத்திரை குத்தித்தான் அனுப்பியிருப்பேன்.