வேண்டாத பொருளை அக்கம்பக்கத்தில் கொடுப்பது: கேள்வி பதில்

கேள்வி: பழைய போனைக் கொடுக்கப் போகிறேன் அக்கா. படங்களை அழித்துவிட்டேன், போதுமா?

பதில்: போதாது. முதலில் போனில் உள்ள கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்குங்கள், அப்புறம்தான் ஃபேக்டரி ரீசெட், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் போனைப் புதிதுபோல் ஆக்குவது. வரிசை மாறினால் போன் பூட்டிக்கொள்ளலாம். வாங்கியவர் பாஸ்வேர்டு கேட்டு உங்களிடமே வந்து நிற்பார். சிம், மெமரி கார்டைக் கழற்றிவிடுங்கள். போனின் முதுகு உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். தீப்பிடிக்கலாம். அதை மின்கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் சேர்க்க வேண்டும். திரையில் கீறல் இருந்தால் சொல்லிவிடுங்கள். குறையை மறைத்து எதையும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: குழந்தையின் கார் சீட்?

பதில்: விபத்தில் சிக்கியது என்றால் வேண்டாம். வெளியே தெரியாத விரிசல் உள்ளே இருக்கலாம். அடியிலோ பின்புறமோ காலாவதித் தேதி அச்சிட்டிருக்கலாம், பாருங்கள். அடிபட்ட ஹெல்மெட்டும் அப்படித்தான். உள்ளே உள்ள தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் மறுமுறை தலையைக் காக்காது.

கேள்வி: மீந்த மாத்திரைகள்?

பதில்: கூடவே கூடாது. மருந்துக்கடையில் கேளுங்கள்.

கேள்வி: நான் கொடுத்த தையல் மெஷினை வாங்கியவர் மறுவாரமே விற்பனைக்குப் போட்டுவிட்டார். மனசு ஆறவில்லை.

பதில்: வருத்தம் புரிகிறது. ஆனால் கொடுத்த பிறகு பொருள் அவருடையது. வேண்டாத பொருளை இலவசமாகக் கைமாற்றும் ஃப்ரீசைக்கிள் என்ற இணையக் குழு 2003-ல் தொடங்கியதே, நல்ல பொருள் குப்பைமேட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காகத்தான். உங்கள் மெஷின் யாரோ ஒருவர் வீட்டில் தைக்கப் போகிறது.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன் அக்கா! குழுவில் எதை இலவசமாகப் போட்டாலும் ஒரே ஆள் முந்திக்கொண்டு வாங்கி விற்கிறார். தேவைப்பட்டவர்கள் வேலை முடிந்து வந்து பார்ப்பதற்குள் எல்லாம் போய்விடுகிறது.

பதில்: நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோளாறு, முந்தியவருக்கே கொடுக்கும் வழக்கத்தில்தான். ஒரு நாள் பொறுங்கள். எதற்கு வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். தையல் பழகுகிறேன் என்பவரும், வெறுமனே ‘எனக்கு’ என்பவரும் அதிலேயே தெரிந்துவிடுவார்கள். ஆனால் கஷ்டத்தை நிரூபிக்கச் சொல்லாதீர்கள். கேட்டு வருபவருக்கும் மானம் உண்டு.

கேள்வி: தையல் மெஷின் கொடுத்தவன்தான் மறுபடியும் கேட்கிறேன். இனி விற்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். அவ்வளவு பிரியமான பொருள் என்றால் தெரிந்தவருக்குக் கொடுங்கள்.

கேள்வி: மெத்தை கொடுக்கலாமா?

பதில்: தையல் ஓரங்களை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சிறுசிறு கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். பூச்சி மாதக்கணக்கில் இரத்தம் குடிக்காமலே கிடக்கும். சும்மா கிடந்த மெத்தைதானே என்று நம்பாதீர்கள்.

கேள்வி: ஓடாத மிக்ஸி?

பதில்: ‘ஓடவில்லை’ என்று எழுதிக் கொடுங்கள். உதிரிபாகத்துக்கு ஆள் வருவார்.

கேள்வி: படம் வராத டிவி?

பதில்: மிக்ஸிக்குச் சொன்னதேதான். குறையை எழுதுங்கள்.

கேள்வி: பொத்தான் போன சட்டை?

பதில்: மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள். குறையை எழுதுங்கள்!

கேள்வி: வருகிறேன் என்றவர் வரவேயில்லை. மேசை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

பதில்: நாளும் மணியும் குறித்துக் கொடுங்கள். தவறினால் அன்றே அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.