ஆர்சிங்க்கில் அந்தக் கடைசிச் சாய்கோடு

கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) கட்டளையை ஓட்டினால், பேக்கப் ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் ஏன் உருவாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மூலப் பாதையின் (எந்த ஃபோல்டரிலிருந்து நகலெடுக்கிறோமோ அதன் முகவரி) கடைசியில் சாய்கோடு விட்டுப்போயிருக்கும். ‘டேட்டா’ என்று கொடுத்தால் ஃபோல்டரே போகும்; ‘டேட்டா/’ என்றால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். சேருமிடத்துக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை.

அப்புறம், கேட்காத ஒன்று: உங்கள் கட்டளையில் ‘--டெலீட்’ இருக்கிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. மூலத்தில் இல்லாததையெல்லாம் அது பேக்கப்பிலும் அழிக்கும். டிஸ்க் மவுன்ட் ஆகாமல் (கணினியோடு இணையாமல்) மூல ஃபோல்டர் காலியாகக் கிடந்தால், பேக்கப்பும் காலி! முதலில் ‘--ட்ரை-ரன்’ சேர்த்து, கூடவே விவரம் காட்டும் ‘-வி’யும் (-v) போட்டு ஓட்டுங்கள். எதையும் தொடாமல், அழியப்போகும் கோப்புகளைப் பட்டியலிடும். பேக்கப்பின் பழைய நிலைகளும் வேண்டுமென்றால் ‘--லிங்க்-டெஸ்ட்’ (--link-dest) பாருங்கள். மாறாத கோப்புகளுக்கு ஹார்ட் லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) மட்டும் போடுவதால் இடம் அதிகம் பிடிக்காது.